நாலு பேர் விலை

அந்தத் தாளை நீட்டும்போதே டைவிங் ஆசிரியை கிரீனாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் இதே தாள், இதே பேச்சு.

"மேல இருந்து கீழ வரைக்கும் கேள்வியா இருக்கும். ஆஸ்துமா உண்டா, நெஞ்சு வலி உண்டா, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களான்னு. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னா இன்னைக்கே நீச்சல் குளத்துல இறங்கலாம். ஒண்ணே ஒண்ணுக்கு 'ஆமா'ன்னாலும் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வரணும். மூணு வாரம் ஆகும், காசும் ஆகும். பாத்துப் போடுங்க."

பொய் எழுது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் 'ஆமா' என்று போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் தேய்ந்து, இடது காது பாதி மந்தமாகி, குளிரில் வெடித்த விரல்களுக்குக் களிம்பு தடவித் தடவி, அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் கனமான சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு கடல் அணைப் படிகளில் ஏறி இறங்குகிறவளிடம் ஒரு தாளைப் பற்றி அக்கறையாகப் பேசு என்றால் எங்கே போவாள்?

எதிரே பெஞ்சில் நான்கு பேர். அம்மா யாகோமினா, எழுபது வயது, குட்டையாகக் கத்தரித்த வெள்ளை முடி. மூத்தவன் கோமர், பெஞ்சின் இந்தக் கோடியில். இளையவன் யோஸ்ட், அந்தக் கோடியில். நடுவில் மகள் ஸஸ்கியா, வடக்கே குரோனிங்கனில் இருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவள். நான்கு பேரும் ஒரே நிமிஷத்தில் தாளை முடித்துக் கொடுத்தார்கள். நான்கிலும் மேலிருந்து கீழ்வரை 'இல்லை'. கிரீனா எண்ணிக்கூடப் பார்க்காமல் கோப்பில் செருகினாள்.

சுவரில் விலைப் பலகை தொங்கியது. ஸ்கூபா டைவிங் வகுப்பு, சான்றிதழ் அட்டையோடு சேர்த்து: ஒருவர் என்றால் அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து யூரோ. இருவர் என்றால் தலைக்கு ஐந்நூற்று நாற்பது. நாலு பேர் என்றால் தலைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: நாலு பேரும் கடைசி வரை முடித்தால்தான் இந்த விலை. ஒருவர் நின்றாலும் மற்ற மூவருக்கும் தலைக்கு எழுபது யூரோ கூடும். கட்டிய பணம் திரும்பாது.

அந்தச் சிவப்பு வரி பள்ளியின் முதலாளி லேன்டர்ட் எழுதியது. சும்மா எழுதவில்லை, பட்டுத் தெளிந்து எழுதினார். எங்கள் ஸேலண்ட் மாகாணத்து ஆட்களின் சாமர்த்தியம் அப்படி. மூன்று பேர் படிக்க வேண்டும் என்றால் நாலாவதாக ஒரு மச்சானை இழுத்துக்கொண்டு வந்து பெயர் கொடுப்பார்கள். மச்சான் முதல் நாள் குளத்தில் கால் நனைத்துவிட்டு மறுநாள் காணாமல் போய்விடுவான். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜனங்களிடம் கடை நடத்த வேண்டுமென்றால் சிவப்பு மை வேண்டித்தான் இருக்கிறது.

அன்று பெண்கள் உடை மாற்றும் அறையில் யாகோமினா ரப்பர் உடைக்குள் காலைத் திணிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். கிரீனா மண்டியிட்டுக் கணுக்காலில் இழுத்துவிட்டாள்.

"ஏம்மா கிரீனா, தண்ணிக்குள்ள யாரும் தனியா போகக் கூடாதாமே? ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணுமாமே?"

"ஆமா. ஒருத்தருக்கு ஒருத்தர் காவல். அவர் உடுப்பை இவர் பாக்கணும், இவர் காத்தை அவர் பாக்கணும்."

"அப்போ என் பசங்க ரெண்டு பேரையும் ஒரே ஜோடியாப் போடேன்."

"ஏன், அவங்களே சேர மாட்டாங்களா?"

யாகோமினா பல்லைக் கடித்துக்கொண்டு மறு காலைத் திணித்தாள். "பேசி நாலு வருஷம் ஆச்சு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா செத்து அடக்கம் ஆன அன்று வந்தவர்களுக்குக் காபியும் கேக்கும் ரொட்டியும் கொடுத்தார்கள். பில்லை மூத்தவன் கட்டினான். அன்று சாயங்காலமே, கல்லறை மண்கூடக் காயாத நேரத்தில், பாதிப் பணம் அனுப்பச் சொல்லித் தம்பியின் கைப்பேசிக்கு ஒரு சீட்டு அனுப்பினான். எண்பத்தாறு யூரோ நாற்பது சென்ட். தம்பி பணத்தை அனுப்பிவிட்டான், நாற்பது சென்ட் உட்பட. அதோடு அண்ணன் என்ற ஆளே இல்லை என்று ஆக்கிவிட்டான்.

"ரெண்டும் அவங்க அப்பன் மாதிரி. கல்லு. கிறிஸ்துமஸுக்கு ஒருத்தன் காலையில வருவான், ஒருத்தன் மத்தியானம் வருவான். நான் ரெண்டு தடவை சமைச்சு ரெண்டு தடவை சாப்பிடணும். எனக்கு எழுபது ஆச்சும்மா. எனக்கப்புறம் என் சவப்பெட்டியைக்கூட எதிரும் புதிருமா நின்னுதான் தூக்குவாங்க."

"சரி, அதுக்கு டைவிங்கா? ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"கூப்பிட்டா வரணுமே! மருந்துக் கடையில உங்க விலை நோட்டீஸ் இருந்துச்சு. படிச்சேன். நாலு பேருக்கும் சேர்த்து நானே கட்டிட்டேன். ஆயிரத்து ஐந்நூத்து எண்பது. அப்புறம் மூணு பேருக்கும் போன் போட்டேன். பிறந்த நாளுக்கு எனக்கு ஒண்ணும் வேணாம், பணம் கட்டியாச்சு, திரும்ப வராது, ஒருத்தர் வரலைன்னாலும் மத்தவங்க எழுபது எழுபது கட்டணும்னு சொன்னேன். வந்துட்டாங்க பாத்தியா?"

கிரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களை அறிந்த பெண் பிறக்கப் போவதில்லை. செத்த அப்பாவுக்காகச் சேராதவர்கள், வீணாகப் போகும் கட்டணத்துக்காகச் சேர்ந்துவிட்டார்கள்.

"நான் டைவிங் சொல்லிக் கொடுக்கிறவ. பாதிரியார் இல்லை" என்றாள் கிரீனா.

"பாதிரியாரையும் பாத்துட்டேன். அவரால ஆகல."

முதல் இரண்டு சனிக்கிழமைகளும் நீச்சல் குளத்தில் கழிந்தன. அண்ணனும் தம்பியும் கிரீனாவைத் தபால்காரியாக்கிவிட்டார்கள். "அவன்கிட்ட சொல்லுங்க, என் பெல்ட்டு மேல நிக்கிறான்" என்பான் யோஸ்ட், அண்ணன் காதில் விழும் தூரத்தில் நிற்கும்போதே. "அவருக்கு அவ்வளவு இடம் வேணும்னா குளத்தையே வாடகைக்கு எடுத்துக்கச் சொல்லுங்க" என்பான் கோமர். ஒருவனுக்கு நாற்பத்தைந்து வயது, ஒருவனுக்கு நாற்பத்தொன்று. அண்ணன் நகராட்சியில் வரி அதிகாரி, தம்பி சமையலறை அலமாரி செய்து பொருத்துகிறவன். இடைவேளையில் இருவரும் அவரவர் வண்டிக்குள் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் தனித்தனியாகத் தின்றார்கள். அம்மா இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது கிரீனாவுக்கு. உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்க்க என் முட்டிதான் கிடைத்ததா என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மூன்றாவது சனிக்கிழமை வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னைக்கு ஜோடி மாறுது. கோமரும் யோஸ்ட்டும் ஒண்ணு. ஸஸ்கியாவுக்கு நான் ஜோடி. அம்மாவுக்கும் நான்தான் ஜோடி."

"நான் அம்மாகூடவே இருந்துக்கிறேனே" என்றான் கோமர்.

"வயசானவங்களுக்கு ஆசிரியர்தான் ஜோடி. விதி அது."

அப்படி எந்த விதியும் கிடையாது.

"அப்போ அவன்கிட்ட சொல்லுங்க, என் குழாயைத் தொடுறதுக்கு முன்னாடி கையைக் கழுவிட்டு வரட்டும்" என்றான் யோஸ்ட்.

அன்றைய பாடம் காற்றைப் பகிர்வது. ஒருவன் தன் காற்று தீர்ந்துவிட்டது என்று தொண்டைக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்ட வேண்டும். ஜோடிக்காரன் தன் சிலிண்டரின் இன்னொரு வாய்க்குழாயை எடுத்து நீட்ட வேண்டும். பிறகு இருவரும் ஒருவர் தோள்பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வர வேண்டும். குளத்தின் அடியில் மண்டியிட்டு, கோமர் தன் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தொண்டையில் கையை இழுத்தான். யோஸ்ட் அசையவில்லை. கிரீனா மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாவி, கொடுத்துத் தொலையேன். நான்கு என்றபோது அவளே பாய்ந்து போகத் தயாரானாள். அப்போதுதான் யோஸ்ட் குழாயை எடுத்து அண்ணனின் வாய்க்கு நேராக நீட்டினான். தோளைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். தலை வெளியே வந்ததும் சூடு பட்டதுபோல் கையை விட்டார்கள்.

யாகோமினாவின் முகக்கண்ணாடிக்குள் பாதி தண்ணீர் நிறைந்திருந்தது. பட்டை தளர்ந்துவிட்டதோ என்று கிரீனா இழுத்துப் பார்த்தாள். பட்டை சரியாகத்தான் இருந்தது, கண்கள்தான் சிவந்திருந்தன.

கடைசி வாரம் கடல். மே மாதம், தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. எங்கள் கழிமுகத்தில் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. ஏற்றமும் இறக்கமும் நின்று, தண்ணீர் அப்படியே அசையாமல் இருக்கும் அந்த அரை மணி நேரம்தான் நமக்கு. அதை விட்டால் அடுத்த ஆறு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை, ஆக நாலு முங்கல். நாலும் முடிந்தால் அட்டை.

சனிக்கிழமை அணைப் படிகளில் ஏறும்போது யாகோமினாவுக்கு மூச்சு வாங்கியதைக் கிரீனா பார்த்தாள். படியில் ஏறினால் யாருக்குத்தான் வாங்காது, எனக்கே வாங்குகிறதே என்று விட்டுவிட்டாள். ஞாயிறு காலை மூன்றாவது முங்கலில் கரைக்குத் திரும்பும்போது அவள் இருமினாள். உப்புத் தண்ணீர் போயிருக்கும் என்று அதையும் விட்டாள்.

மத்தியானம் அணை மேட்டில் பள்ளி வேனுக்குப் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்றால் மூன்று இடத்தில். கோமர் தன் காரில், யோஸ்ட் தன் வேனில், பெண்கள் புல்லில். ஒவ்வொரு முங்கல் முடிந்ததும் ஜோடிக்காரன் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். இருவரின் நோட்டையும் ஸஸ்கியா வாங்கிக்கொண்டு அங்கும் இங்கும் அலைந்தாள்.

"இவனுங்களுக்கு நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" என்று அலுத்துக்கொண்டே நோட்டைப் புல்லில் எறிந்துவிட்டு, கழிப்பறைப் பக்கம் போனாள்.

யாகோமினா இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைப் பிய்த்துக் கிரீனாவுக்குப் பாதி கொடுத்தாள். கண்ணெல்லாம் மினுமினுத்தது. "காலையில பாத்தியா? கணவாய் ரெண்டு சேர்ந்து முட்டை வெச்சிட்டிருந்துச்சே, அப்போ யோஸ்ட் அண்ணன் தோளைத் தட்டிக் காமிச்சான். யாரும் சொல்லாம, தானா தட்டினான்!"

"பாத்தேன்."

"இன்னைக்கு ஆறு மணிக்குப் பான்கேக் கடையில மேசை சொல்லி வெச்சிருக்கேன். அஞ்சு பேருக்கு ஒரே மேசை, நீயும் வரணும். அட்டை வாங்கினா சாப்பிடப் போகணும், அதுதான் வழக்கம்னு நீயே சொல்லு. நான் சொன்னா ஓடிருவானுங்க." சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். இருமல் நின்றதும் குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்த வேகம் கிரீனாவுக்குப் பிடிக்கவில்லை.

"எப்ப இருந்து இந்த இருமல்?"

"உப்புத் தண்ணி கொஞ்சம் உள்ள போயிருச்சு."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஊஹும்."

பதில் கேள்விக்கு முந்திக்கொண்டு வந்தது. கிரீனாவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததை எடுத்துப் பார்க்கத்தான் தெம்பு இல்லை. இப்போது இந்த அம்மாவை நிறுத்தினால் நாலு மூன்றாகும். மூன்றானால் தலைக்கு எழுபது. எழுபது என்றால் அந்த இரண்டு தடியன்களும் அவரவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லேன்டர்ட் வேறு போனில் கத்துவார். இன்னும் இருபதே நிமிஷம், ஆறு மீட்டர் ஆழம், பக்கத்திலேயே நான் இருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சோர்ந்தவளுக்குச் சமாதானம் எளிதில் கிடைத்துவிடுகிறது.

"நாளைக்கு முதல் வேலையா டாக்டர்கிட்ட போகணும். சரியா?"

"கண்டிப்பா" என்றாள் யாகோமினா.

நாலு மணிக்குத் தண்ணீர் நின்றது. படிகளில் இறங்கி இடுப்பளவு ஆழத்துக்குப் போனார்கள். வழக்கப்படி ஜோடி ஜோடியாகச் சோதனை. கோமர் தம்பியின் சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்த்தான். யோஸ்ட் அண்ணனின் எடைப் பட்டையை இழுத்துப் பார்த்து, கொக்கி கழன்றிருக்க, குனிந்து மாட்டிவிட்டான். பேச்சில்லை. ஆனால் கைகள் வேலை செய்தன. கோமர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிச் 'சரி' என்று காட்டினான். யோஸ்ட்டும் காட்டினான்.

யாகோமினா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு அருகில் நின்ற கிரீனாவுக்குக் கேட்டது, கொதிக்கும் கெட்டிலுக்குள் போல் ஏதோ குமுறிற்று. உதடு நீலம் பாரித்திருந்தது. கிரீனா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். கடைவாயில் நுரை. இளஞ்சிவப்பு நுரை.

அவ்வளவுதான், கிரீனாவின் அலுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நுரையீரலுக்குள் நீர் கோத்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரும், இறுக்கும் உடையும், ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் வருவது. பாடப் புத்தகத்தில் வருஷா வருஷம் படித்துக்காட்டுகிற விஷயம்.

"முடிஞ்சுது. கரைக்கு" என்றாள்.

யாகோமினா அவசர அவசரமாக விரல்களை வளைத்துச் 'சரி' காட்டினாள். மறுபடி காட்டினாள். கிரீனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குரலே எழும்பாமல் சொன்னாள். "கலைச்சுடாதம்மா... பாரு, கொக்கி மாட்டி விடுறான்... இருபது நிமிஷம்தானே..."

"நீங்க செத்துப் போயிருவீங்க."

"பரவாயில்லை."

"எனக்குப் பரவாயில்லைன்னு இல்லை!" என்று கத்தினாள் கிரீனா. "எல்லாரும் வெளிய வாங்க! இப்பவே!"

அவளே தோளுக்கடியில் கை கொடுத்து யாகோமினாவைப் படிக்கு இழுத்தாள். சிலிண்டரை அவிழ்த்துக் கடாசினாள். ஸஸ்கியா ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்தாள். கோமர் தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னால் வந்து நின்றான். என்ன நடக்கிறதென்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டான்.

"அம்மாவால முடியலையா? அப்போ... நாலு பேர் விலை?"

"அவன்கிட்ட சொல்லுங்க" என்று யோஸ்ட்டின் குரல் வெடித்தது. "அவன் பங்கு எழுபதையும் நானே கட்டிடுறேன். இப்பவே போன்ல சீட்டு அனுப்பச் சொல்லுங்க!"

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்!" என்று அதட்டினாள் கிரீனா. "பள்ளி வேன்ல பச்சைப் பெட்டி இருக்கு, ஆக்சிஜன். யோஸ்ட், ஓடு. கோமர், அம்மாவை உக்கார வை, படுக்க வைக்காதே. முதுகைத் தாங்கிப் பிடி."

யோஸ்ட் மூன்று மூன்று படியாகத் தாவி ஓடினான். பெட்டி வந்தது. கிரீனா ஆக்சிஜன் முகமூடியை யாகோமினாவின் முகத்தில் பொருத்திக் காற்றைத் திறந்துவிட்டாள். உடையைக் கழற்ற வேண்டும், நெஞ்சு விரிய வேண்டும். நனைந்த ரப்பர் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு கையை நீ பிடி, ஒரு கையை நீ பிடி. சேர்ந்து இழுங்க. சேர்ந்து!" அண்ணன் வலது கையையும் தம்பி இடது கையையும் பிடித்து இழுத்தார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது. யோஸ்ட் இடுப்புக் கத்தியை எடுத்து, அம்மாவின் தோளிலிருந்து மார்பு வரை உடையைக் கிழித்தான். நானூறு யூரோ உடை. கோமர் மறுபாதியைப் பிடித்து இழுத்தான்.

கிரீனா அவசர எண்ணுக்குப் பேசினாள். இடத்தைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், நுரையைச் சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது, பன்னிரண்டு நிமிஷம் என்றார்கள். பிறகு போனின் மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள்: என்ன மருந்து சாப்பிடுகிறார்? இதயத்துக்கா, ரத்தக் கொதிப்புக்கா?

கிரீனாவின் கோப்பில் அதற்குப் பதில் இருந்தது. மேலிருந்து கீழ்வரை 'இல்லை'. அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி அந்த 'இல்லை'யை வாங்கியவள் அவளேதான். போனைக் காதிலிருந்து எடுத்துக் கோமரைக் கேட்டாள்.

"அம்மா என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? சீக்கிரம் சொல்லு."

"எனக்குத் தெரியாதே. அவன்கிட்ட கேளுங்க, அவன்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவன்."

"நானா?" என்றான் யோஸ்ட். "நான் போனதே இல்லையே. அவன்தான் கூட்டிட்டுப் போறான்னு..."

அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

ஸஸ்கியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்கீங்கன்னுதானே நான் அங்க நிம்மதியா இருந்தேன்" என்றாள்.

காற்றுப் பெட்டி சீறிக்கொண்டிருந்தது. அலை திரும்பிவிட்டது, தண்ணீர் படிகளில் ஏறத் தொடங்கியிருந்தது. போனில் அந்தப் பெண், ஹலோ, யார் கூட இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"மூணு பேரும் இங்கதான் இருக்காங்க" என்றாள் கிரீனா. "மூணு பேருக்கும் தெரியல."

யாகோமினா மூடியைக் கையால் விலக்கினாள். "லோசார்டன்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஐம்பது. காலையில ஒண்ணு. அப்பா போனதுல இருந்து" என்றாள்.

கிரீனா அந்தப் பிரஷர் மாத்திரையின் பெயரைப் போனில் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, "அந்தத் தாள்ல 'இல்லை'ன்னு போடுற மாதிரி பேசினது நான்தான். அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

கோமர் அம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு குனிந்தான். வரி அதிகாரியின் முகம் சின்னப் பையனின் முகமாகியிருந்தது. "ஏம்மா சொல்லல? நாலு வருஷமா ஏம்மா சொல்லல?"

"யார்கிட்டடா சொல்றது?" என்றாள் யாகோமினா. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உன்கிட்ட சொன்னா அவனுக்கு யார் சொல்லுவா? அவன்கிட்ட சொன்னா உனக்கு யார் சொல்லுவா? ஒருத்தனுக்குத் தெரிஞ்சு ஒருத்தனுக்குத் தெரியலைன்னா, அதுக்கு வேற ஒரு சண்டை. அதான் யார்கிட்டயும் சொல்லல."

கிரீனா மூடியை மறுபடி அவள் முகத்தில் அழுத்தினாள்.

தூரத்தில், அணைச் சாலையில் சைரன் கேட்டது. கோமர் நிமிர்ந்தான். கிரீனாவைப் பார்க்கவில்லை, ஸஸ்கியாவைப் பார்க்கவில்லை. எதிரே, கிழிந்த உடையின் ஒரு முனையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தான்.

"யோஸ்ட்" என்றான். "நீ அம்மாகூட ஏறிக்கோ. நான் உன் வேனை ஓட்டிட்டுப் பின்னாடியே வர்றேன்."

யோஸ்ட் சாவியை எடுக்க முயன்றான். விரைத்த விரல்களுக்கு அது அகப்படவில்லை. கோமர் கை நீட்டி எடுத்துக்கொண்டான்.

"கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றான் யோஸ்ட். "பாத்து ஓட்டு."

முகமூடிக்கு மேலே யாகோமினாவின் கண்கள் மூடியிருந்தன, கண்ணீர் வழிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியில் இறங்கி வந்தபோது, இந்த அம்மாவுக்கு ரொம்ப வலிக்கிறதா என்று கிரீனாவைக் கேட்டார்கள். "வலி இல்லை. பசங்க பேசிக்கிட்டாங்க" என்றாள் அவள்.